கதவில்லாத அறை

மறக்காத மணல் – தொடர்: 7

சென்ற வாரம் உங்களைத் தில்லைக் கோயிலில் ஒரு பூட்டிய அறையின் முன்னால் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். உள்ளே ஏட்டுச்சுவடிகள். வெளியே ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும். அறைக்குத் தேவாரம் பாடிய மூவரின் கை இலச்சினை இட்டிருக்கிறது, பாடியவர்களே வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அரசன் என்ன செய்தான்?

மூவரின் திருவுருவங்களையும் அலங்கரித்து, வீதியுலாவாக எடுத்து வந்து, அறை வாசலிலேயே நிறுத்தினான். கேட்டவர்கள் வந்துவிட்டார்கள், இனி திறக்கலாமே! திறந்தார்கள். சுவடி கண்ணில் படவில்லை, புற்றுதான் தெரிந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில் செல்லரிக்காமல் மிஞ்சியதுதான் இன்று நாம் ஓதும் தேவாரம் என்கிறது திருமுறை கண்ட புராணம். புராணக் கதைதான். ஆனால் எதையாவது சேமித்து வைக்கிறவனுக்கு வரும் இரண்டு தலைவலியும் அதிலேயே இருக்கின்றன. வைத்தது கெடக் கூடாது. கேட்டதும் கிடைக்க வேண்டும். ஒன்றைக் கறையான் கெடுத்தது, மற்றதைப் பூட்டு கெடுத்தது.

அந்த அறைக்காவது கதவு இருந்தது.

இந்த வாரக் கதையின் அறைக்குக் கதவே கிடையாது. ஜன்னல், சாளரம், எலி நுழையும் பொந்து எதுவும் கிடையாது. ஆறு பக்கமும் கண்ணாடி. அதற்குள் எலக்ட்ரான்களை அடைக்கிறார்கள். மின்சாரமே இல்லாமல் அவை ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கின்றன. வேண்டாதபோது வெளியே எடுத்துவிடுகிறார்கள். சுவரை உடைக்காமல்! சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் ஒரு டேட்டா சென்டரில், நீங்கள் நேற்று பணம் அனுப்பிய கணக்கு இப்படிப்பட்ட அறைகளில்தான் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டெராபைட் என்றால் 8 லட்சம் கோடி பிட். ஓர் அறைக்கு மூன்று பிட் என்று வைத்தாலும் இரண்டரை லட்சம் கோடி அறைக்கு மேல் வேண்டும். எல்லாம் சேர்ந்து உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு சில்லுகள் ஒன்றிரண்டில் அடங்கிவிடும்.

வடலூர்க்காரனான எனக்குப் பூட்டிய அறை என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று. 1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பம் சித்தி வளாகம். வள்ளலார் உள்ளே போய்த் தாளிட்டுக்கொண்ட அறை. அதை இந்தக் கதையோடு நான் முடிச்சுப் போட மாட்டேன். நம்பிக்கை வேறு, கண்ணாடி வேறு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் நீங்கள் அதைத்தான் நினைப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊரிலிருந்து நான் எடுத்து வரப்போவது அறையை அல்ல, சுவரை.

* * *

வடலூரில் வளர்ந்தவர்களுக்கு இன்சுலேட்டர் என்பது பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சொல்லல்ல. சேஷசாயி ஆலையில் மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிவம் உண்டு. பீங்கான் தொழில் இந்தப் பக்கம் வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கழித்துப் போட்ட பீங்கான் எங்கள் தெருவில் பல வீடுகளில் கிடக்கும். பழுப்பு நிறம், மழமழப்பு, ஒரு குழந்தை தூக்க முடியாத கனம். எங்கள் வீட்டில் கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது ஒன்று. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததால் வெளியே தள்ளப்பட்டது. அந்த ஒரு சில்லு போதும், மின்சாரம் வழி கண்டுபிடித்துவிடும் என்பார் அப்பா.

கடலூர்க் கரையோரத்தில் மின்வாரியத்துக்காரர்களுக்கு இந்த வழி கண்டுபிடிப்பு நன்றாகத் தெரியும். உப்புக் காற்று பீங்கானின் மேல் படியும். வெயில் காலம் முழுக்கச் சும்மா இருக்கும். முதல் தூறல் விழுந்ததும் உப்பு ஈரமாகும், பீங்கானின் மேலேயே மின்சாரம் ஓடும், பளீரென்று ஒரு வெளிச்சம், லைன் ட்ரிப். ‘ஃப்ளாஷ் ஆயிடுச்சு’ என்பார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறு அர்த்தத்தில் திரும்ப வரும்.

நம் அறையின் சுவரும் இன்சுலேட்டர்தான். சிலிக்கான் டை ஆக்சைடு. மணலின் மறுபெயர். ஆனால் தடிமன்? பத்து நானோமீட்டருக்குள். தலைமுடியைக் குறுக்கே வெட்டினால் அதன் அகலத்தில் இப்படிப் பல ஆயிரம் சுவர்களை நிறுத்தலாம். இவ்வளவு மெல்லிய சுவரின் இரு பக்கமும் பத்து, பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? பத்து வோல்ட்தானே என்று தோன்றும். கணக்கைச் சென்டிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு கோடி வோல்ட். நெய்வேலியிலிருந்து புறப்படும் பெரிய லைனிலேயே நாலு லட்சம் வோல்ட்தான் ஓடுகிறது, அதற்கே ஆள் உயரத்தைத் தாண்டும் நீளத்தில் டிஸ்க் சரம் தொங்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பீங்கான் எதுவும் ஒரு கோடியைத் தாங்காது.

ஆக்சைடு தாங்குகிறது. தாங்கிக்கொண்டே கொஞ்சம் கசியவும் விடுகிறது. எலக்ட்ரான் கோலிக்குண்டு மாதிரி திடமான உருண்டையாக இருந்திருந்தால் சுவரில் மோதித் திரும்பியிருக்கும். அதற்கு அலை குணமும் உண்டு. சுவர் போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அலையின் வால் சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். வால் எட்டிப் பார்க்கிற இடத்தில் எப்போதாவது ஒருமுறை எலக்ட்ரானே தோன்றிவிடும். ஃபௌலர், நார்ட்ஹைம் என்ற இருவர் 1928இல் இதற்குக் கணக்கு எழுதினார்கள். வோல்ட் ஏற்றினால் கசிவு பல மடங்கு பெருகும். வோல்ட்டை நிறுத்தினால் கசிவும் ஏறக்குறைய நின்றுபோகும். கதவில்லாத அறைக்கு வழி இதுதான். சுரங்கம் தோண்டாத சுரங்கப்பாதை.

கணக்கு 1928இலேயே இருந்தது. அறையைக் கட்டத்தான் நாற்பது வருடம் ஆளில்லை. கட்ட வைத்தது ஒரு கேக்.

* * *

1967. அமெரிக்காவின் பெல் ஆய்வகம். கொரியாவில் பிறந்த டாவன் காங், தைவானில் வளர்ந்த சைமன் ஸே. கம்ப்யூட்டர்களின் நினைவகம் அப்போது மிளகு அளவுக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்ததாக இருந்தது. அதற்கு மாற்று தேடிக்கொண்டிருந்த இருவரும் ஒருநாள் அடுக்குக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நம் டிரான்சிஸ்டரிலும் ஓர் அடுக்கு கூடுதலாக வைத்தால் என்ன என்று தோன்றியதாக ஸே பின்னாளில் சொன்னார். க்ரீம் அடுக்கின் இடத்தில் ஓர் உலோக அடுக்கு. அதன் மேலும் கீழும் ஆக்சைடு. எதனோடும் கம்பி இணைப்பு இல்லாமல் மிதக்கும் அந்த அடுக்குக்கு மிதவை வாயில் என்று பெயர் வைத்தார்கள். ஃப்ளோட்டிங் கேட். வாயில் என்று பெயர், வாயிலே கிடையாது. தொழில்நுட்பக்காரர்களின் பெயர் சூட்டும் அழகை என்னவென்று சொல்ல!

உள்ளே எலக்ட்ரான் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் இன்னொரு விடை. இதைத்தான் ஒரு பிட் என்கிறோம். அவர்களின் முதல் சாதனம் மின்சாரம் போனபின் நினைவு வைத்திருந்தது மணிக்கணக்கில்தான். பெல் நிறுவனத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

சில வருடம் கழித்து இன்டெல்லில் ஒரு கோளாறு. டோவ் ஃப்ரோமன் என்ற இளைஞரிடம், சில சில்லுகள் விசித்திரமாக நடந்துகொள்கின்றன, ஏனென்று பார் என்று கொடுத்தார்கள். பார்த்தார். உள்ளே சில வாயில்களின் இணைப்பு அறுந்து, மிதக்கத் தொடங்கியிருந்தன. அவற்றில் மின்னூட்டம் மாட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் அறுந்ததைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஃப்ரோமன் வேண்டுமென்றே அறுத்துவைத்து ஒரு நினைவகம் செய்தார். அதுதான் 1971இன் ஈப்ராம்.

1990களில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஈப்ராம் நன்றாக ஞாபகம் இருக்கும். சில்லின் முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பிய்த்தால் லேப் அசிஸ்டென்ட் திட்டுவார். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் பிடுங்கி, புறஊதா விளக்குப் பெட்டிக்குள் இருபது நிமிடம் வைக்க வேண்டும். வெறும் வெயிலில் வைத்தாலும் அழியும், ஒரு வாரம் ஆகும். ஒரே ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் இதே பாடு.

மின்சாரத்தாலேயே அழிக்கும் வகையும் பிறகு வந்தது. ஒவ்வொரு பைட்டையும் (எட்டு பிட்) தனியாக அழிக்கும் ஏற்பாடு. அதனால் இடம் அதிகம், விலை அதிகம். ஒன்று மலிவு, ஆனால் எளிதில் அழிக்க முடியாது. இன்னொன்று அழியும், ஆனால் வாங்க முடியாது. இந்த முட்டுச்சந்தில்தான், தோஷிபாவில் பகல் வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் திருட்டுத்தனமாக வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார் ஒருவர்.

* * *

ஃபுஜியோ மசுவோகா. 1943இல் பிறந்தவர். தோஷிபாவில் அவருக்கு ஒதுக்கிய வேலை இது அல்ல. இரவிலும் வார இறுதியிலும் செய்தார். அவர் பிடித்த நுனி சாதாரணமானது. பைட் பைட்டாக ஏன் அழிக்க வேண்டும்? ஒரு பெரிய கூட்டத்தை ஒரே அடியாக அழித்துவிட்டால் ஒவ்வோர் அறைக்கும் தனி ஏற்பாடு வேண்டாம், அறை சுருங்கும், விலை இறங்கும். 1980இல் காப்புரிமைக்கு எழுதினார். ஒரே நேரத்தில் எல்லாம் அழிவதைப் பார்த்த சக ஊழியர் ஷோஜி அரியிசுமிக்குக் கேமராவின் ஃப்ளாஷ் நினைவுக்கு வந்தது. அப்படியே பெயராகிவிட்டது. எங்கள் ஊரில் ஃப்ளாஷ் ஆனால் இன்சுலேட்டர் தோற்றது என்று பொருள். அங்கே இன்சுலேட்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

சுவடிக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். ஃப்ளாஷில் எழுதுவது ஏடு ஏடாக. அழிப்பது கட்டுக் கட்டாக. ஏட்டைத்தான் அங்கே பேஜ் என்கிறார்கள், கட்டைத்தான் பிளாக் என்கிறார்கள். ஓலையில் கீறிய எழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முடியாதல்லவா? அதேபோல எழுதிய ஏட்டின் மேல் திரும்ப எழுத முடியாது. திருத்தம் வந்தால் புதிய ஏட்டில் எழுதிவிட்டு, பழைய ஏடு செல்லாது என்று குறித்துக்கொள்ள வேண்டும். செல்லாத ஏடுகள் பெருகியதும், அந்தக் கட்டில் செல்லுபடியாகும் ஏடுகளை மட்டும் வேறு கட்டுக்குப் படியெடுத்துவிட்டு, பழைய கட்டு முழுவதையும் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது போல விட்டுவிட வேண்டும். இந்தப் படியெடுப்பு நமக்குத் தெரியாமல் நம் போனுக்குள்ளும் இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது.

இதில் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை எலக்ட்ரான் சுவரைக் கடக்கும்போதும் சுவரில் ஒரு சின்னத் தழும்பு விழுகிறது. அப்பா சொன்ன சில்லு. தழும்புகள் சேரச் சேரச் சுவர் தானாகக் கசியும். ஓர் அறைக்கு ஒரு பிட் வைத்த அந்தக் காலத்து நல்ல சரக்கு ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கியது. இரண்டு பிட் திணித்தபோது அது பத்தாயிரத்துக்கும், அறைகள் சுருங்கச் சுருங்க மூவாயிரத்துக்கும் இறங்கியது. எனவே ஒரே கட்டையே தேய்க்காமல் எல்லாக் கட்டுக்கும் முறை வைத்து எழுத வேண்டும். வீராணத்துத் தண்ணீருக்கு முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மசுவோகா 1984இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். 1987இல் அதைவிட நெருக்கமாக அடுக்கக்கூடிய நான்ட் வகையையும் சொன்னார். இன்றைய ஃப்ளாஷ் சேமிப்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான். தோஷிபா விழித்துக்கொள்வதற்குள் இன்டெல் விழித்துக்கொண்டது. 1988இல் முதல் வகையைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. இன்டெல்லின் அந்த முயற்சியில் கைவைத்தவர்களில் புனேயில் பிறந்த வினோத் தாமும் ஒருவர். பிற்பாடு பென்டியத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர். ஃப்ளாஷை இன்டெல்தான் கண்டுபிடித்தது என்று கொஞ்ச காலம் உலகமே நம்பியது.

மசுவோகாவுக்குத் தோஷிபா கொடுத்த வெகுமதி சில நூறு டாலர் என்று 2002இல் ஃபோர்ப்ஸ் எழுதியது. 1994இல் அவர் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2004இல் நூறு கோடி யென் கேட்டு டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனது. நான் நீதிபதியாக இருந்திருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்பேன்.

சரக்கு தயார். ஆனால் இதை யார் வாங்குவார்கள்? அந்தக் காலத்து எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஃப்ளாஷோடு பேசத் தெரியாது. அதற்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. சுழலும் தட்டின் மொழி.

* * *

கான்பூரில் பிறந்து பிலானியில் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது சஞ்சய் மெஹ்ரோத்ராவுக்குக் கலிபோர்னியாவில் பெர்க்லியில் இடம் கிடைத்தது, விசா கிடைக்கவில்லை. மூன்று முறை தள்ளுபடி. அப்பா விடவில்லை. டில்லியில் தூதரக அதிகாரியையே போய்ப் பார்த்து வாதாடி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் 1988இல் எலி ஹராரி, ஜாக் யுவான் ஆகியோருடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். சன்டிஸ்க். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற பெரிய கம்பெனியோடு குழப்பம் வந்ததால் 1995இல் சான்டிஸ்க் என்று ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் வீட்டு மேஜை டிராயரில் அந்தப் பெயர் போட்ட பென் டிரைவ் ஒன்றாவது இருக்கும். மெஹ்ரோத்ரா இப்போது மெமரிச் சில்லு செய்யும் மைக்ரானின் தலைவர்.

சன்டிஸ்க்காரர்கள் செய்தது ஒரு கூத்துக்காரன் வேலை. ஃப்ளாஷுக்கு ஹார்ட் டிஸ்க் வேடம் கட்டினார்கள். அதே இரண்டரை அங்குலப் பெட்டி, அதே கேபிள், அதே மொழி. ‘இத்தனையாவது தட்டு, இத்தனையாவது வட்டம்’ என்று கம்ப்யூட்டர் கேட்கும்; உள்ளே தட்டும் இல்லை, வட்டமும் இல்லை; ஆனாலும் கேட்டதற்கு ஒரு சின்னச் சில்லு மொழிபெயர்த்துப் பதில் சொல்லிவிடும். 1991இல் ஐபிஎம்முக்குக் கொடுத்த முதல் பெட்டியின் கொள்ளளவு 20 எம்பி. விலை ஆயிரம் டாலர் அளவில். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவுக்கு அது போதாது.

வேடம் பலித்தது. கேமராவில் நுழைந்தது, போனில் நுழைந்தது, லேப்டாப்பில் நுழைந்தது. டேட்டா சென்டரின் வாசலில் மட்டும் நின்றுவிட்டது. ஏனென்று புரிய அங்கே சுழன்றுகொண்டிருந்த தட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

சர்வர்களில் ஓடிய உசத்தி டிஸ்க், நிமிடத்துக்கு 15,000 சுற்று. நொடிக்கு 250. ஒரு சுற்றுக்கு 4 மில்லிசெகண்ட், வேண்டிய இடம் வாசிக்கும் ஊசிக்குக் கீழே வரச் சராசரி 2 மில்லிசெகண்ட். ஊசி தாண்டிப் போக இன்னொரு மூன்று நான்கு. ஆக நொடிக்கு இருநூறு இடத்தைக்கூடத் தொட முடியாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான பெற்றோர் ஆளுக்கொரு நம்பர் கேட்கிறார்கள்; ஒவ்வொன்றும் தட்டின் ஒவ்வொரு மூலையில். பிராசசர் நொடிக்குப் பல நூறு கோடி அடி எடுத்து வைக்கும் குதிரை. ஊசி வரும்வரை அது லாயத்தில் நின்று கொட்டாவி விட வேண்டும்.

இதற்குப் பெரிய கம்பெனிகள் கண்ட வைத்தியம் சிரிப்பாக இருக்கும். நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் வெளி விளிம்பில் மட்டும் எழுதி, மீதியைக் காலியாக விட்டார்கள். ஊசி அதிக தூரம் போக வேண்டாமல்லவா! பத்து ஏக்கர் வாங்கி வரப்போரம் மட்டும் நாற்று நடுகிற விவசாயி. அத்தனை டிஸ்க்குக்கும் கரண்ட், அத்தனை சூட்டுக்கும் ஏசி.

சரி, அங்கே ஃப்ளாஷைப் போட்டால்? போட்டார்கள். டிஸ்க் வேடத்திலேயே போட்டார்கள். வேகம் கூடியது, ஆனால் சரக்கின் முழு வேகம் வெளியே வரவில்லை. கேள்வி பிராசசரிலிருந்து கிளம்பி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் டிஸ்க் வரிசையில் நின்று, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு கன்ட்ரோலரைத் தாண்டி, கேபிளில் ஓடி, பெட்டிக்குள் மொழிபெயர்ப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும். வடலூரிலிருந்து நெய்வேலிக்குப் போகிறவனைச் சிதம்பரம் வழியாகச் சுற்றிப் போகச் சொன்ன கதை. ஊசி ஐந்து மில்லிசெகண்ட் எடுத்த காலத்தில் இந்தச் சுற்று யார் கண்ணிலும் படவில்லை. ஃப்ளாஷ் மில்லிசெகண்டில் நாற்பதில் ஒரு பங்குக்குள் ஏட்டைப் புரட்டிக் கொடுத்துவிட்டு நிற்கும்போதுதான், பயணத்தைவிடப் பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரம் அதிகம் என்று தெரிந்தது.

உள்ளே நுழைய உதவிய வேடமே காலில் விலங்காகிவிட்டது. கழற்ற வேண்டும். கழற்றினால் எங்கே செருகுவது?

* * *

என் மேசையில் ஒரு கார்டு கிடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில், யாரோ கழித்த சர்வரிலிருந்து பிடுங்கி அடுக்கிவைத்திருந்த குவியலில் எடுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள், நடுவில் ஒரு வெட்டு. தப்பான ஸ்லாட்டில் தப்பாகச் செருகிவிடாமல் இருக்க. இரு முகத்திலும் தபால்தலை அளவில் கறுப்புச் சில்லுகள். நடுவில் ஓர் அலுமினியச் சீப்பு, சூட்டுக்காக. ஓரத்தில் ஒரு தகரப் பட்டையில் மூன்று ஊசித் துளை விளக்குகள். பார்த்தால் வீடியோ கேம் பையன்கள் போடும் கிராபிக்ஸ் கார்டின் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டின் ஸ்லாட்டில்தான் இதுவும் உட்காரும். அந்த ஸ்லாட்டின் கதையிலும் நம்மவர் ஒருவர் உண்டு. பரோடாவில் படித்த அஜய் பட், இன்டெல்காரர். யுஎஸ்பி தந்தவர்களில் முதல் பெயர் இவருடையது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற விரிவாக்க ஸ்லாட்டை வடிவமைத்தவர்களிலும் இவர் இருந்தார். 2003இல் அது வந்தபோது ஒரு லேனுக்கு நொடிக்கு 250 எம்பி. நான்கு லேன் ஸ்லாட், எட்டு லேன், பதினாறு லேன் என்று சாலையை அகலப்படுத்திக்கொண்டே போகலாம். முக்கியமான விஷயம், அந்தச் சாலை நேராகப் பிராசசரின் வாசலுக்கே போகிறது. கேபிள் இல்லை, ரெய்டு கன்ட்ரோலர் இல்லை, சிதம்பரம் இல்லை. ரேக்கில் ஒன்றே முக்கால் அங்குல உயரமே உள்ள ஒல்லி சர்வரில் கார்டை நிமிர்த்தி நிறுத்த இடமிருக்காது. ரைசர் என்ற சின்னப் பலகையைச் செருகி, அதில் இதைப் படுக்கவைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டேவிட் ஃப்ளின், ரிக் வைட் இருவரும் தொடங்கிய ஃப்யூஷன் ஐஓ என்ற சின்னக் கம்பெனி 2007இல் அப்படியொரு கார்டைக் காட்டியது. நான்கு லேன். நொடிக்கு ஒரு லட்சம் வாசிப்பு என்றார்கள். 15,000 சுற்று டிஸ்க் ஐந்நூறுக்கு மேல் வேண்டிய வேலை, ஒரு கை அகலப் பலகையில்! ஸ்டோரேஜ் உலகத்தின் பெருந்தலைகள் சிரித்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் ஐபிஎம் அதே கார்டுகளை ஒரு ரேக்கில் அடுக்கி நொடிக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிக் காட்டியது. சிரிப்பு நின்றது. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 2009இல் அந்தக் கம்பெனியின் தலைமை விஞ்ஞானியாக வந்து உட்கார்ந்தார். ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் பெட்டி பெட்டியாக வாங்கின.

வேடம் கலைந்துவிட்டது, ஆனால் வேலையை யார் செய்வது? டிஸ்க் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஏடு எந்தக் கட்டில் இருக்கிறது என்ற பேரேட்டைச் சர்வரின் பிராசசரே பார்த்துக்கொள்ளட்டும், சர்வரின் ரேமிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். வேகத்தின் ரகசியத்தில் பாதி அதுதான்.

ரேம் என்பது கரண்ட் இருக்கும்வரைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

எனக்கு இந்த இடம் வந்தால் 2011 டிசம்பர் 30 ஞாபகம் வரும். தானே புயல் விடிகாலையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வந்தது பொங்கல் கழித்துத்தான். எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு பழைய பென் டிரைவ் கிடந்தது. முதல் வேலையாக அதைச் செருகிப் பார்த்தேன். தங்கை கல்யாணப் படம் அத்தனையும் அப்படியே இருந்தது. கதவில்லாத அறைகள் தங்கள் வேலையைச் செய்திருந்தன.

பென் டிரைவ் அன்று சும்மா கிடந்தது. ஒரு சர்வரில் ஏடு பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது, பேரேடு ரேமில் இருக்கும்போது, அந்த நொடியில் கரண்ட் போனால்? ஏடுகள் எல்லாம் பத்திரம். எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. தில்லை அறை திறந்திருக்கிறது, சுவடிகளும் செல்லரிக்கவில்லை, ஆனால் எந்தக் கட்டிலும் பெயரில்லை என்றால் நம்பியாண்டார் நம்பி என்ன செய்வார்?

என் கார்டின் மேல் ஓரத்தில், சில்லுகளுக்கு அப்பால், மஞ்சள் நிறத்தில் அரிசி முறுக்குத் துண்டு அளவுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. அத்தனையும் கப்பாசிட்டர். வேகத்தோடு சம்பந்தமே இல்லாதவை. கரண்ட் இருக்கும்வரை அவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. போன பிறகு சில மில்லிசெகண்ட் மட்டும் உயிரோடு இருக்கும். அந்தச் சில மில்லிசெகண்டில் நடப்பதையும், திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த சிவா சிவராம் என்பவர் இந்த அறைகளை மாடி மேல் மாடியாகக் கட்டும் வேலையில் இறங்கியதையும் அடுத்த வாரம் பார்ப்போம். வீட்டில் பழுதான கம்ப்யூட்டர் போர்டு கிடந்தால் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், எடுத்து வைத்திருங்கள். அடுத்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

(தொடரும்)